பட்டம் பெற்ற பிறகும் பிரியாதவர்கள்

(கொடைக்கானலில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

இந்த மலையில் பெண்களுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த 1984ஆம் ஆண்டில் தனிச் சட்டம் ஒன்றால் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் உருவாயிற்று. அட்டுவம்பட்டியில் அதன் வளாகம். மலையை விட்டு இறங்கினால் பழனியில் ஒரு மகளிர் கல்லூரி, திண்டுக்கல்லில் ஒன்று, பெரியகுளத்தில் ஒன்று. நம் பாட்டிமார் கனவிலும் காணாத வாய்ப்பு இது. இதைக் கட்டியெழுப்பியவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் நான் இன்று பேச வந்தது சேர்க்கையைப் பற்றியல்ல. படித்து முடித்து, சான்றிதழை வாங்கிக்கொண்டு மலையிறங்கிப் போகிற பெண்ணைப் பற்றி. அவள் போன பிறகு அவளுக்கும் அவளோடு படித்தவர்களுக்கும் என்ன உறவு மிஞ்சுகிறது? அவளுக்குப் பின்னால் அதே ஊரிலிருந்து படிக்க வரும் பெண்ணுக்கு அவள் யார்? இடமும் உதவித்தொகையும் கொடுத்தால் ஒரு பட்டதாரி உருவாவாள். ஒடுக்கப்பட்ட சமூகங்களின் பெண்கள் ஒரு சக்தியாக உருவாக வேண்டுமானால், படித்தவர்கள் தங்களுக்குள் ஓர் அமைப்பைக் கட்டி, பட்டம் பெற்ற பிறகும் அதில் சந்தா கட்டி, அதற்காக உழைக்க வேண்டும். இதுதான் என் வாதம். இதற்கான வலுவான சான்று அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் கல்லூரிச் சகோதரிச் சங்கங்களில் இருக்கிறது. அவர்கள் அதை 'சொரோரிட்டி' என்பார்கள்.

எங்கோ இருக்கும் அமெரிக்காவை இங்கே ஏன் இழுக்க வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். கொடைக்கானலில் அந்தக் கேள்விக்கு விடை எளிது. 1845இல் இந்த ஊரில் முதல் பங்களாக்களைக் கட்டியவர்கள் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள். சமவெளியின் காய்ச்சலில் குடும்பம் குடும்பமாகச் செத்துக்கொண்டிருந்ததால் மலையேறி வந்தார்கள். 1901இல் தங்கள் பிள்ளைகளுக்காக இங்கே ஒரு பள்ளியும் தொடங்கினார்கள். அவர்களை அனுப்பிய அமெரிக்கன் போர்டு என்ற சபை, அடிமை முறையை உறுதியாகக் கண்டிக்கத் தயங்கியது. அந்தத் தயக்கத்தைப் பொறுக்காதவர்கள், இங்கே பங்களா எழும்பிய மறு ஆண்டு, 1846இல், அமெரிக்க மிஷனரி சங்கம் என்று தனி அமைப்பு கண்டார்கள். உள்நாட்டுப் போருக்குப் பின் ஃபிஸ்க், டல்லடேகா போன்ற கறுப்பினக் கல்லூரிகளை நிறுவியது அந்தச் சங்கம். வாஷிங்டனில் 1867இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தை நிறுவ முன்நின்றவர்களும் அதே காங்கிரிகேஷனல் திருச்சபை மரபினர்தான். ஆக, இந்த மலை நகரும் கறுப்பினக் கல்லூரிகளும் ஒரே திருச்சபை வட்டத்தில் வேர் விட்டவை. இந்த உறவை நம் கொடைக்கானல் வரலாறுகள் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

அடிமை முறை 1865இல் ஒழிந்தது. 43 ஆண்டுகள் கழித்து, 1908 ஜனவரி 15 அன்று, ஹோவர்டில் எத்தல் ஹெட்ஜ்மன் என்ற மாணவியும் அவருடைய தோழியரும் சேர்ந்து ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். கறுப்பினக் கல்லூரிப் பெண்கள் தங்களுக்கென்று தொடங்கிய கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட முதல் சங்கம் அது. வெள்ளை மாணவியரின் சங்கங்கள் இவர்களைச் சேர்க்காது. கறுப்பின ஆண் மாணவர்களின் அமைப்புகளில் இவர்களுக்குக் குரல் கிடையாது. இரண்டு கதவும் அடைபட்ட இடத்தில் தொடங்கியது அது. தொடக்கத்தில் அது பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். படிப்பில் ஒருவருக்கொருவர் துணை, இசை, வாசிப்பு, நல்ல நடத்தை என்ற அளவில் இருந்தது. அங்கிருந்து அது எப்படி நிலைபெற்றது என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. 1912இல் அப்போது படித்துக்கொண்டிருந்த மாணவியர் பலர் சங்கத்தின் பெயரையும் அடையாளங்களையும் மாற்ற விரும்பினார்கள். அரசியலிலும் பொது வாழ்விலும் அது இறங்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அந்த ஆண்டே பட்டம் பெற்று, வாஷிங்டனில் ஆசிரியையாகிவிட்ட நெல்லி குவாண்டர் அதை ஏற்கவில்லை. பழைய சங்கத்தைக் காப்பாற்ற அவரும் சிலரும் 1913 ஜனவரி 29 அன்று அதைச் சட்டப்படி பதிவு செய்தார்கள். பதிவு செய்ததால் அது ஒரு கல்லூரிக் குழு என்ற நிலை மாறி நிரந்தர நிறுவனமாயிற்று. பிற பல்கலைக்கழகங்களில் கிளை தொடங்கும் உரிமையும் வந்தது. கவனியுங்கள், சங்கத்துக்கு ஆயுள் கொடுத்தவர் படிப்பை முடித்து வெளியே போன ஒரு பெண். மாணவியரை மட்டும் நம்பிய அமைப்பு மூன்றாண்டுக்கு ஒருமுறை செத்துப் பிழைக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு வகுப்பும் வெளியேறும்போது நினைவும் வெளியேறிவிடும்.

பிரிந்து போனவர்கள் 22 பேர். அவர்கள் 1913 ஜனவரி 13 அன்று டெல்டா சிக்மா தீட்டா என்ற சங்கத்தை நிறுவினார்கள். சரியாக ஏழு வாரத்தில், மார்ச் 3 அன்று, பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு வாஷிங்டன் வீதியில் நடந்த பெரும் ஊர்வலத்தில் அணிவகுத்தார்கள். கறுப்பினப் பெண்கள் கடைசியில் வரட்டும் என்று ஏற்பாட்டாளர்கள் சிலர் சொல்லியிருந்த ஊர்வலம் அது. இதழாளர் ஐடா வெல்ஸ் அதற்குப் பணிய மறுத்துத் தன் மாநில அணியின் நடுவே போய்ச் சேர்ந்துகொண்டதும் அன்றுதான். வாக்குரிமைத் திருத்தம் 1920இல் வந்தது. ஆனால் தென் மாநிலங்களில் கறுப்பினப் பெண்களின் கைக்கு வாக்கு உண்மையில் வந்து சேர 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அத்தனை காலமும் அந்த வேலையைப் பிடித்துக்கொண்டிருக்க ஓர் அமைப்பு வேண்டாமா? 1920இல் ஹோவர்டில் சீட்டா ஃபை பீட்டா என்ற சங்கம் வந்தது. 1922இல் இண்டியானாபொலிஸ் நகரில் சிக்மா காமா ரோ வந்தது. அதைத் தொடங்கியவர்கள் ஏழு பள்ளி ஆசிரியைகள். இண்டியானா மாநிலத்தில் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு கொடிகட்டிப் பறந்த காலம் அது என்பதை மனத்தில் வைத்தால், ஏழு ஆசிரியைகள் ஒரு பெயரின் கீழ்க் கூடுவது எவ்வளவு பெரிய காரியம் என்பது புரியும்.

இவர்கள் எதை மதித்தார்கள்? படிப்பில் குறிப்பிட்ட தரம் இல்லாதவரைச் சேர்ப்பதில்லை. சேர்ந்தவர் சமூகப் பணியில் இறங்க வேண்டும். உறுப்பினர் உறவு ஆயுள் முழுக்க. அந்த ஆயுள் உறவு வெறும் பேச்சாக நின்றுவிடாதபடி ஓர் ஏற்பாடும் செய்தார்கள். கல்லூரிக் கிளை ஒன்று. பட்டம் பெற்றவர்களுக்கு ஊர்தோறும் கிளைகள் தனி. ஒருத்தி வேலைக்கோ திருமணத்துக்கோ எந்த நகரத்துக்குப் போனாலும் அங்கே உள்ள கிளையில் சேர்ந்து சந்தா கட்டலாம், வேலை செய்யலாம். இன்று ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, டெல்டா சிக்மா தீட்டா என்ற இரண்டிலும் தலா மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்திருப்பதற்கு இந்த ஏற்பாடே அடித்தளம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக்கு 1968இல் தேர்வான முதல் கறுப்பினப் பெண் ஷர்லி சிஸம் டெல்டா உறுப்பினர். மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், ஹோவர்டில் படித்தபோது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் சேர்ந்தவர். அவர் துணை அதிபர் ஆனதைக் கொண்டாடிய தமிழ்நாட்டில், அந்தச் சங்கத்தைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் கட்டிப்போடும் பகுதி மிசிசிப்பி. 1935 கோடையில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா தன் உறுப்பினர்களில் மருத்துவர்கள், செவிலியர்கள், ஆசிரியைகளைத் திரட்டி, டாக்டர் டாரத்தி ஃபெரபீ தலைமையில், நாட்டிலேயே ஏழ்மை மிகுந்த பருத்தி மாவட்டங்களுக்கு அனுப்பியது. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதும், பல், உணவு, தூய்மை பற்றிக் கற்றுக்கொடுப்பதும் நோக்கம். மருத்துவ முகாம் போட்டால் ஆட்கள் வந்து கூடுவார்கள், கூடினால் பேசுவார்கள் என்று அஞ்சிய பண்ணையார்கள் தொழிலாளர்களை வெளியே விடவில்லை. அந்தப் பெண்கள் திரும்பிப் போகவில்லை. தங்கள் கார்களிலேயே மருந்தை ஏற்றிக்கொண்டு, பருத்திக் காட்டுக்குள் போய் முகாம் நடத்தினார்கள். 1942 வரை கோடைதோறும் இது நடந்தது. செலவைப் பெரும்பாலும் ஏற்றது சங்கம்தான். ஒரு மருத்துவர் தனியாளாக இதைச் செய்திருந்தால் இரண்டாம் ஆண்டே களைத்திருப்பார். சங்கத்தில் ஒருவர் களைத்தால் இன்னொருவர் இருந்தார். அந்தச் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரான லூசி ஸ்லோவின் கதையும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. டென்னிஸில் தேசியப் பட்டம் வென்ற முதல் கறுப்பினப் பெண் அவர். 1922இல் ஹோவர்டிலேயே மாணவியர் நலனுக்கான முதல் பெண் முதல்வரானார். மாணவியருக்கு வளாகத்துக்குள் நல்ல விடுதி வேண்டும், அவர்களைக் குழந்தைகள் போல் நடத்தக்கூடாது என்று நிர்வாகத்தோடு கடைசி வரை போராடினார். தான் படித்த இடத்துக்கே திரும்பி வந்து, அடுத்தவளுக்காக வழக்காடிய பெண் அவர்.

நம் பக்கம் இப்படி யாரும் இல்லையா? இருக்கிறார்கள். அதுவும் இந்த மலையடிவாரத்திலேயே. டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள் சௌந்தரம் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். டில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1936இல் மருத்துவரானார். அங்கே உடன் படித்த சுசீலா நய்யாரின் தோழமைதான் அவரைக் காந்தியிடம் கொண்டு சேர்த்தது. காந்தியவாதி ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டு, 1947இல் அவருடன் சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார். அதற்கு முன்பே மதுரையில் ஏழைப் பெண்பிள்ளைகளின் படிப்புக்குத் துணை நின்றவர் அவர். அந்தத் துணையில் படித்தவர்களில் ஒருவர் கிருஷ்ணம்மாள். 1926இல், கீழ்ப்பழனி மலையடிவாரத்து அய்யங்கோட்டையில், நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர். சர்வோதய இயக்கத்தில் ஜெகந்நாதனைச் சந்தித்து 1950இல் மணந்தார். 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு தஞ்சைக்குப் போய், 1981இல் லாஃப்டி என்ற அமைப்பை நிறுவினார். நிலமற்ற குடும்பங்களுக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தை, அதுவும் பெண்கள் பெயரில், வாங்கிக் கொடுத்தார். 2008இல் ரைட் லைவ்லிஹுட் விருது, 2020இல் பத்மபூஷண். ஒரு கல்லூரித் தோழமை காந்திகிராமத்தைக் கட்டியது. ஒரு பெண்ணின் படிப்புக்குக் கிடைத்த துணை தஞ்சையில் நிலமாக விளைந்தது. 1959இல் மார்ட்டின் லூதர் கிங்கும் அவர் மனைவி கொரெட்டாவும் இந்தியா வந்தபோது காந்திகிராமத்துக்கும் போனார்கள். கொரெட்டாவை ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா தன் கௌரவ உறுப்பினராக்கியிருக்கிறது. இரண்டு மரபும் ஒரே வாசலில் நின்ற நாள் அது.

ஆனால் வேறுபாடும் இங்கேதான் இருக்கிறது, அதை நாம் நேராகப் பார்க்க வேண்டும். சௌந்தரம் என்ற ஒரு பெரிய மனுஷி இருந்தார். அவர் கையைப் பிடித்துச் சிலர் மேலே வந்தார்கள். 1984இல் அவர் மறைந்தார். அவர் நிறுவிய மருத்துவமனையும் கல்வி நிலையங்களும் நின்றன. ஆனால் படித்த பெண் அடுத்த பெண்ணைத் தூக்கிவிட வேண்டும் என்ற கடமை, ஒரு விதியாகவோ சந்தாவாகவோ கிளையாகவோ எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. நம்மிடம் இருந்தது பெருந்தன்மை. அவர்கள் செய்தது பெருந்தன்மையை ஓர் ஏற்பாடாக்கியது. பெருந்தன்மை உள்ளவர் கிடைக்காத ஊரில் பிறக்கும் பெண்ணுக்கு ஏற்பாடு ஒன்றே கதி.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை உண்டு. முதலாவதும் கடுமையானதும் இது: சகோதரிச் சங்கங்கள் மேட்டிமைக் குழுக்கள், படித்த நடுத்தர வர்க்கக் கறுப்பினப் பெண்கள் தங்களுக்குள் கூடி, தோலின் நிறத்தையும் குடும்பப் பின்னணியையும் பார்த்துச் சேர்த்தார்கள் என்ற குற்றச்சாட்டு. இது வெளியார் சொன்னது மட்டுமல்ல. ஹோவர்டிலேயே பேராசிரியராக இருந்த சமூகவியலாளர் ஃபிராங்க்ளின் ஃப்ரேஸியர், கறுப்பின நடுத்தர வர்க்கத்தைப் பற்றி 1957இல் ஆங்கிலத்தில் வந்த தம் நூலில், இவ்வகைச் சங்க வாழ்வின் ஆடம்பரத்தைச் சாடினார். அந்தக் குற்றச்சாட்டில் உண்மை உண்டு. நம் நாட்டில் அதன் உருவம் சாதி. சகோதரி சுப்புலட்சுமி 1912இல் சென்னையில் கட்டிய இல்லம், குழந்தை விதவைகளைப் படிக்க வைத்து ஆசிரியைகளாக்கிய மகத்தான முயற்சி. ஆனாலும் அந்த இல்லம் பிராமண விதவைகளுக்கானதாகவே இருந்தது. அன்றைய சமூகத்தின் பிடியில் அவரால் அந்த வட்டத்தை உடனே உடைக்க முடியவில்லை. ஆகவே இந்த மலையில் ஒரு சங்கம் எழுமானால் அதன் கதவில் சாதி கேட்கக்கூடாது. கறுப்பினச் சங்கங்களே இனத்தின் பேரால் பிறரைத் தடுப்பதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கதவு எல்லோருக்கும் திறந்திருக்கட்டும். ஆனால் சங்கத்தின் பணத்துக்கும் உழைப்புக்கும் முதல் உரிமை இந்த மலையின் பளியர், புலையர், தலித் வீட்டுப் பெண்களுக்கு என்று விதியிலேயே எழுதப்படட்டும். சாதிச் சங்கங்கள் போதாதென்று இன்னொன்றா என்று கேட்பவர்களுக்கும் இதுவே என் பதில். சாதிச் சங்கம் பிறப்பைக் கேட்டுச் சேர்க்கிறது. இது ஒரு பெண் யாருக்காக உழைக்கத் தயார் என்பதைக் கேட்டுச் சேர்க்கும்.

இரண்டாவது, சேர்க்கைச் சடங்குகளின் பெயரால் நடக்கும் கொடுமை. அமெரிக்கச் சங்கங்களில் அது நடந்தது, உயிர்களும் போயின. 1990இல் கறுப்பினச் சங்கங்கள் பழைய சோதனைக் காலச் சடங்குகளைக் கூட்டாகக் கைவிட்டன. அதன் பிறகும் அது முற்றாக ஒழியவில்லை. நமக்கு இதில் யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1996இல் பொன் நாவரசு என்ற மாணவரை ராகிங்குக்குப் பலி கொடுத்து, 1997இல் நாட்டுக்கே முன்னோடியாகச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. இரகசியச் சடங்கு இல்லாத சங்கம் வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது, அரசுதான் எல்லாம் செய்கிறதே என்பது. செய்கிறது, மறுக்கவில்லை. அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரைத் தாங்கியது அது. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் கிராமத்துப் பெண்ணை வங்கி வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தின. ஆனால் பணத்தை அரசு தரலாம். வழிகாட்டும் அக்காவைத் தர முடியாது. எந்தப் படிப்புக்கு எந்த விண்ணப்பம், விடுதியில் ஒருவர் சாதி சொல்லி இழிவு செய்தால் யாரிடம் போவது, முதல் வேலையில் சம்பளம் எவ்வளவு கேட்கலாம் என்று சொல்ல, அதே பாதையில் நடந்தவள் வேண்டும். சுய உதவிக் குழுவோ கடனைச் சுற்றிக் கட்டப்பட்டது. கடன் அடைந்தால் குழுவின் பிடிப்பும் தளர்ந்துவிடுகிறது. முன்னாள் மாணவியர் மன்றம் இருக்கிறதே என்றால், அது பெரும்பாலும் ஆண்டுக்கொரு கூட்டம், ஒரு விருந்து, ஒரு வாட்ஸ்அப் குழு. யாருடைய கட்டணத்தையும் அது கட்டுவதில்லை.

நான்காவது மறுப்பைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன், ஏனென்றால் அது வாழ்க்கையிலிருந்து வருகிறது. நம் பெண் திருமணமானால் ஊர் மாறிப்போகிறாள். வத்தலகுண்டுக்காரி திருப்பூருக்குப் போவாள், பூம்பாறைக்காரி தேனிக்கோ கோவைக்கோ போவாள். வேலைக்குப் போவதே புகுந்த வீட்டின் அனுமதியைப் பொறுத்தது எனும்போது, சங்கத்துக்கு நேரம் ஏது? இதற்கு விடை சங்கத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. கல்லூரியோடு கட்டப்பட்ட சங்கம் திருமணத்தில் சிதறும். ஊர்தோறும் கிளையுள்ள சங்கம் திருமணத்தால் பெருகும். திருப்பூருக்குப் போனவள் அங்கே ஒரு கிளையைத் தொடங்குவாள். புது ஊரில், புது வீட்டில், யாரையும் தெரியாத முதல் ஆண்டில்தான் ஒரு பெண்ணுக்குத் தன் பெயரை அறிந்த பத்துப் பேர் மிகவும் தேவைப்படுகிறார்கள். மருமகள் சங்கக் கூட்டத்துக்குப் போவதைத் தடுக்கும் குடும்பங்கள் இருக்கும். அதே குடும்பங்கள் ஆசிரியைகளும் செவிலியர்களும் வங்கி ஊழியர்களும் கூடுகிற ஒரு பதிவு பெற்ற அமைப்பை அவ்வளவு எளிதில் குறை சொல்ல மாட்டா. கணவரை இழந்த பெண்ணுக்கும், மணமுறிவு கண்டவளுக்கும், மணமே செய்யாதவளுக்கும் அந்தக் கிளை இன்னும் பெரிய துணை. 1858இல் திருச்சியில் அன்னம்மாள் என்ற தமிழ்க் கைம்பெண் தன்னைப் போன்றவர்களைச் சேர்த்துத் தொடங்கிய புனித அன்னாள் துறவுச் சபையைப் பாருங்கள். பெரியகுளத்து மகளிர் கல்லூரி அந்தச் சபை 1971இல் தொடங்கியதுதான். துறவுக்கு வெளியே, குடும்பத்தில் இருந்துகொண்டே, அதே உறுதியோடு ஒரு கூட்டுறவு முடியாது என்று யார் சொன்னது?

பணம் எங்கிருந்து வரும் என்பது கடைசிக் கேள்வி. திண்டுக்கல், தேனி மாவட்டங்களில் வேலையில் இருக்கும் 200 பட்டதாரிப் பெண்கள் மாதம் 100 ரூபாய் கட்டினால் ஆண்டுக்கு 2,40,000 ரூபாய். அதில் பெரிய கட்டடம் எழுப்ப முடியாது, வேண்டவும் வேண்டாம். முதல் ஆண்டுக்கு ஒரே ஒரு வேலை போதும். மலைக் கிராமங்களில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பளியர் பெண்பிள்ளைகள் எத்தனை பேர் என்று தண்டிக்குடி, பாச்சலூர், மன்னவனூர் பக்கம் நேரில் போய்ப் பெயர் பெயராக எழுத வேண்டும். பழங்குடிச் சான்றிதழ் இல்லாமல் அவர்களுக்கு இட ஒதுக்கீடு இல்லை, உதவித்தொகை இல்லை. அந்தச் சான்றிதழைத் தரவேண்டியவர் கோட்டாட்சியர். கூலி வேலையை விட்டுவிட்டு அந்த அலுவலகத்துக்குத் திரும்பத் திரும்ப அலைய அந்தப் பெண்களின் பெற்றோரால் முடியாது. பட்டம் பெற்ற இரண்டு பெண்கள் விண்ணப்பத்தை எழுதி, அவர்களோடு கொடைக்கானல் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய், சான்றிதழ் கைக்கு வரும்வரை வாரந்தோறும் போய்க் கேட்க வேண்டும். பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் அந்தச் சந்தாவிலிருந்து போகட்டும். கல்லூரிச் சேர்க்கை தொடங்குவதற்குள் அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் நேராகச் சான்றிதழ் எண் எழுதப்பட்டிருக்க வேண்டும்.